கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மழைக்கு முன் என்ன எடுத்து வைக்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: வேளச்சேரியில் இரண்டாவது மாடி வாடகை வீடு, ஏழு மாதக் கைக்குழந்தை, நாலு வயதுப் பெண், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார், மழைக்காலம் நெருங்குகிறது, என்ன வாங்கி வைப்பது, எவ்வளவு வாங்குவது. குழந்தைகள் வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான், வீடும் தென் சென்னையில்தான். வெள்ளம் வடிந்த வாரங்களில் எந்தக் குழந்தைகள் எதனால் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்று பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புயல் என்றதும் எல்லோரும் மெழுகுவர்த்தி, பிரெட், பிஸ்கட், நூடுல்ஸ் வாங்க ஓடுகிறோம். பெரியவர்களுக்கு அது போதும், ஒரு வேளை பிஸ்கட்டும் டீயுமாக ஓட்டிவிடலாம். கைக்குழந்தைக்கு அப்படி மாற்று கிடையாது. அதனால் கடைப் பட்டியல் போடுவதற்கு முன்னால் ஒரு பேப்பரை எடுத்து உங்கள் சின்னக் குழந்தையின் ஒரு நாளை எழுதுங்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து மறுநாள் காலைவரை என்ன குடிக்கிறது, எதில் குடிக்கிறது, எத்தனை முறை துணி மாற்றுகிறீர்கள், எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள், எதைப் போட்டுத் தூங்கவைக்கிறீர்கள் என்று எல்லாம். எழுதி முடித்ததும் அதில் கரண்ட், குழாய்த் தண்ணீர், ஃப்ரிட்ஜ், கடை இந்த நாலில் ஏதாவது ஒன்று இல்லாமல் நடக்காத வேலைகளை அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் மூன்று நாளுக்கு மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பட்டியல் அதிலிருந்துதான் வரும், நான் கீழே சொல்வதெல்லாம் அதை நிரப்பத்தான்.

ஏன் மூன்று நாள் என்றால், நம் ஊரில் நடந்தது அப்படி. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு பொங்கியபோதும், 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மரங்கள் சாய்ந்து கம்பிகள் அறுந்தபோதும், 2023 டிசம்பர் 3, 4 மிக்ஜாமிலும் பல தெருக்களுக்குக் கரண்ட் வர நாள்கணக்கானது. தண்ணீர் நிற்கும் தெருவுக்கு மின்வாரியமே பாதுகாப்புக்காக சப்ளையை நிறுத்திவிடும், வடிந்த பிறகுதான் கொடுப்பார்கள், அது சரியும்கூட. மிக்ஜாமில் பால் பாக்கெட்டுக்கு ஜனங்கள் அலைந்தது உங்களுக்கே நினைவிருக்கும். மூன்று நாள் என்பது சென்னைக் கணக்கு. 2018 கஜாவில் டெல்டா கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தார்கள், அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒரு வாரத்துக்காவது திட்டமிட வேண்டும்.

முதலில் தண்ணீர். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போகும், எல்லா வெள்ளத்திலும் இதுதான் நடக்கிறது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மேல்தொட்டி தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆர்.ஓ. மெஷினும் ஓடாது, இதைப் பலபேர் யோசிப்பதே இல்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டால் தரைக்கடியில் இருக்கும் சம்ப்புக்குள் சாக்கடையும் சேர்ந்து இறங்கியிருக்கும், அந்தத் தண்ணீரை எடுத்துக் குழந்தையைக் குளிப்பாட்டக்கூட வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் உங்கள் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து லிட்டர் என்று வையுங்கள், பால் கொடுக்கும் நீங்கள் மற்றவர்களைவிட ஒரு லிட்டராவது கூடக் குடிக்க வேண்டும், குழந்தையின் பாத்திரங்களைக் கொதிக்கவைக்கவும் தண்ணீர் போகும். மூன்று நாளுக்கு 45 லிட்டர், அப்படியென்றால் 20 லிட்டர் கேன் மூன்று, சீல் பிரிக்காமல், வெயில் படாத இடத்தில். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை வீட்டில் எப்போதும் மூன்று கேன் நிற்கட்டும், பழையதை எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் புதியதை வாங்கி வைத்தால் வீணாகாது. கழுவ, துவைக்க, டாய்லெட்டுக்கு வேறு தண்ணீர். மழை அறிவிப்பு வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள், வீட்டில் உள்ள வாளி, அண்டா, குடம் எல்லாவற்றையும் நிரப்பி மூடி வையுங்கள். மூடி வைப்பது கொசுவுக்காக மட்டும் இல்லை, தவழ ஆரம்பிக்கும் குழந்தை இருக்கிற வீட்டில் திறந்த வாளி ஆபத்து, அரை வாளித் தண்ணீரே போதும். நிரப்பிய வாளிகளை பாத்ரூமில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள்.

கேன் தீர்ந்து வேறு தண்ணீர் எடுக்க வேண்டிய நிலை வந்தால், வெள்ளை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, நன்றாகத் தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். கொதிக்கவைக்க வழியில்லை என்றால் குளோரின் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும், அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்துப் போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். கலங்கலான தண்ணீரில் குளோரின் சரியாக வேலை செய்யாது, அதனால் வடிகட்டிவிட்டுத்தான் போட வேண்டும். கைக்குழந்தைக்கு மட்டும் எப்போதும் கொதிக்கவைத்ததுதான், கேன் தண்ணீராகவே இருந்தாலும் சரி.

அடுத்தது பால். இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். நீங்கள் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் இந்த மழைக்காலத்தில் தயவுசெய்து நிறுத்தாதீர்கள், குறைக்கவும் வேண்டாம், பாதுகாப்பிலும் வசதியிலும் அதற்கு ஈடாக எதுவும் கிடையாது. பயத்தில் பால் வற்றிவிடும் என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள். பதற்றத்தில் பால் இறங்க நேரமாகலாம், ஆனால் சுரப்பு நின்றுபோகாது, அடிக்கடி மார்பில் போட்டுக்கொண்டே இருந்தால் இறங்கிவிடும். எலெக்ட்ரிக் பம்ப் வைத்திருக்கிறீர்கள் என்றால் கையால் பீய்ச்சி எடுக்க இப்போதே பழகிக்கொள்ளுங்கள். நிவாரணம் கொடுக்க வருபவர்கள் நல்ல மனதோடு பால்பவுடர் டப்பாவும் ஃபீடிங் பாட்டிலும் கொடுப்பார்கள், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை வாங்காதீர்கள். வெள்ள நேரத்தில் சுத்தமில்லாத தண்ணீரில் கலக்கிய பவுடர்பாலும் சரியாகக் கழுவாத பாட்டிலும்தான் வயிற்றுப்போக்குக்கு நேர் வழி.

ஏற்கெனவே பவுடர்பால்தான் குடிக்கிறது என்றால் கணக்காக இருக்க வேண்டும். 400 கிராம் டப்பாவில் ஏறத்தாழ 3 லிட்டர் பால் கலக்கலாம், முழுக்க அதை மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு அது நாலு நாளைக்கு வரும். பிரிக்காத டப்பா ஒன்று கையில் எப்போதும் இருந்தால் போதும், பிரித்ததை மூன்று நாலு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதால் நிறைய அடுக்க வேண்டாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து, இறக்கி, அரை மணி நேரத்துக்குள், சூடு 70 டிகிரிக்குக் கீழே போவதற்கு முன்பே பவுடரைக் கலந்து, அப்புறம் குடிக்கிற சூட்டுக்கு ஆறவைத்துக் கொடுங்கள், ஏனென்றால் பவுடரிலேயே கிருமி இருக்கலாம், அந்தச் சூட்டில்தான் அது சாகும். ஃப்ரிட்ஜ் இல்லாதபோது கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, மீந்ததைக் கொட்டிவிடுங்கள். டப்பா தீரப்போகிறது என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்கவே கூடாது. டீக்கு வாங்கி வைத்திருக்கும் சாதாரணப் பால்பவுடர் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது, இது வேறு அது வேறு.

பாட்டிலைவிடப் பாலாடை, அதாவது குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், நல்லது. உங்கள் மாமியாரிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், இல்லையென்றால் பாத்திரக் கடையில் எவர்சில்வர் பாலாடை கிடைக்கும். பாட்டிலின் நிப்பிளும் கழுத்தும் தண்ணீர் பஞ்சத்தில் சரியாகச் சுத்தமாவதில்லை, பாலாடையை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்துவிடலாம். ஆனால் பாட்டிலுக்குப் பழகிய குழந்தை முதல் நாள் பாலாடையைத் தள்ளிவிடும், அதனால் இந்த மாதமே தினம் ஒரு வேளை பழக்குங்கள். அப்புறம் ஒரு நல்ல தெர்மாஸ் ஃபிளாஸ்க் வாங்குங்கள். இந்தப் பட்டியலிலேயே நான் விடாமல் வாங்கச் சொல்லும் பொருள் இதுதான், கொதித்த தண்ணீரை ராத்திரிக்கு ஊற்றி வைத்துவிட்டால் இருட்டில் எழுந்து அடுப்பு பற்றவைக்கும் வேலை மிச்சம். கலப்பதற்கு முன் தண்ணீர் ஆவி பறக்கும் சூட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு மாதம் என்றால் கூழும் ஆரம்பித்திருப்பீர்கள். கேழ்வரகு மாவோ வீட்டில் அரைத்த சத்துமாவோ ஒரு கிலோ, காற்றுப்புகாத டப்பாவில். வாழைப்பழம், வறுத்து அரைத்த பருப்பும் அரிசியும் கலந்த மாவு, இவை போதும். குழந்தைக்கு இதுவரை கொடுக்காத எதையும் அந்த மூன்று நாளில் புதிதாகக் கொடுக்காதீர்கள், ஒவ்வாமை வந்தால் எங்கே ஓடுவது. தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது, நாக்கில் தடவுவதுகூட வேண்டாம்.

நாலு வயதுப் பெண்ணுக்கு அவல், பொரி, பொட்டுக்கடலை மாவு, பேரீச்சை, அவள் வழக்கமாகச் சாப்பிடும் பிஸ்கட். முழு வேர்க்கடலையும் கடலைமிட்டாயும் புரையேறும், பொடித்துக் கொடுங்கள். ஊறவைத்தால் போதும் என்பதால் அவல் இந்த நேரத்துக்கு ரொம்ப உதவும். பிரிக்காமல் வெளியே வைக்கக்கூடிய டெட்ரா பாக்கெட் பால் ஆறேழு வாங்கி வையுங்கள், சின்ன பாக்கெட்டாக, பிரித்தால் ஒரே தடவையில் முடிகிற மாதிரி. இண்டக்‌ஷன் அடுப்பை நம்பியிருக்கிறீர்கள் என்றால் இப்போதே மாறுங்கள், கேஸ் சிலிண்டர் ஒன்று நிரம்பியதாக எப்போதும் இருக்கட்டும். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தால் சுமார் நாலு மணி நேரம் குளிர் நிற்கும், அதற்குள் உள்ளே இருப்பதைச் சமைத்துவிடுங்கள்.

இனி மருந்து. வெள்ளத்தோடு வருவது வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சளி, சேற்றுப்புண், இவைதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆறாவது வேண்டும், உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், ஒரு பாக்கெட்டின் எடை 20.5 கிராம், அதை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். டெட்ரா பாக்கெட்டில் பழச்சுவையில் விற்கும் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்துக் கொடுக்காதீர்கள், சர்க்கரை அதிகமாகி வயிற்றுப்போக்கு கூடும். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அந்தப் பெயரை அப்படிப் போடக் கூடாது என்று தடுத்திருக்கிறது. பாக்கெட் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. சின்னதுக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக, பெரியவளுக்கு 100 முதல் 200. கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். இரண்டுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுப்பார்கள், தடுப்பூசிக்குப் போகும்போது கேட்டு வாங்கி வையுங்கள்.

பாராசிட்டமால் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சாதாரண சிரப்பில் ஐந்து மில்லியில் 125, அதிலேயே 250 என்று இன்னொன்றும் உண்டு. எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 100 மில்லிகிராம் என்றால் சொட்டு மருந்தில் அது ஒரு மில்லி, 125 சிரப்பில் நாலு மில்லி. இருட்டில், பதற்றத்தில், சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து நாலு மில்லி ஊற்றிவிட்டால் நாலு மடங்கு மருந்து உள்ளே போய்விடும், ஈரலுக்கு ஆபத்து. அதனால் வீட்டில் ஒரே வகை மட்டும் வையுங்கள். உங்கள் டாக்டரிடம் இரண்டு குழந்தைகளின் எடைக்கும் அளவு எழுதி வாங்கி அந்த பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள், அளக்கும் சிரிஞ்சையும் அதோடு ரப்பர்பேண்ட் போட்டு வையுங்கள். இருமல் சிரப் வாங்கி வைக்கவே வேண்டாம், இந்த வயதில் அதனால் பலன் இல்லை, ஆபத்து உண்டு. வீசிங் இருக்கிற குழந்தை என்றால் நெபுலைசர் கரண்ட் இல்லாமல் ஓடாது, இன்ஹேலரும், அதில் மாட்டி மருந்தை இழுக்கவைக்கும் மாஸ்க் வைத்த குழாயான ஸ்பேசரும் டாக்டரைக் கேட்டு வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர், பஞ்சு, கட்டுத்துணி, ஆண்டிசெப்டிக் ஆயின்ட்மென்ட், இவை எல்லா வீட்டிலும் இருப்பதுதான்.

மாமியாரின் இன்சுலின்: பயன்படுத்திக்கொண்டிருக்கும் பாட்டிலோ பேனாவோ பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் இல்லாமலே நாலு வாரம் வரை தாங்கும், சூடு ஏறாமல் இருந்தால் போதும். ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள் இன்னொரு சின்னச் சட்டி வைத்து, அதில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கலாம். ஐஸ்கட்டியில் நேராகப் புதைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் கெட்டுவிடும்.

டயப்பர் சின்னதுக்கு நாளைக்கு எட்டு வீதம் முப்பது இருந்தால் தாங்கும். துணிதான் கட்டுவேன் என்றால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேண்டும், மழையில் எதுவும் காயாது. தண்ணீரை மிச்சப்படுத்த வேண்டிய அந்த மூன்று நாளுக்கு மட்டும் டயப்பருக்கு மாறுவது தப்பே இல்லை. ஈரத்துடைப்பான் இரண்டு பாக்கெட், புண்ணாகாமல் தடவத் தேங்காய் எண்ணெய், அழுக்கு டயப்பரைக் கட்டி வைக்க கனமான பைகள். டாய்லெட்டில் போட்டுவிடாதீர்கள், வெள்ள நேரத்தில் சாக்கடை ஏற்கெனவே எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். குழந்தைக்குக் கொசுவலை கட்டாயம் வேண்டும், கரண்ட் இல்லாத வீட்டில் ஃபேனும் கிடையாது, லிக்விட் மெஷினும் கிடையாது.

வெளிச்சத்துக்கு எல்.இ.டி. லைட்டும் டார்ச்சும் போதும், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மெழுகுவர்த்தியையும் மண்ணெண்ணெய் விளக்கையும் தவிர்த்துவிடலாம். பட்டன் பேட்டரி போட்ட விளக்கு, பொம்மை எதுவும் வாங்காதீர்கள், குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும், மழையில் அந்த நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடியாது. பெரியவளுக்கு ஸ்குரூ போட்டு மூடும் சின்ன டார்ச் ஒன்று அவளுடையதாகவே கொடுங்கள், இருட்டுப் பயம் பாதி போய்விடும். பவர்பேங்க் இரண்டு நிறைத்து வையுங்கள். பணம் கையில் நோட்டாக, பத்தும் ஐம்பதும் நூறுமாக இருக்கட்டும், டவர் போனால் ஜிபே வேலை செய்யாது. ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ வீட்டுக்குள் மூடிய அறையில் வைக்க யாரையும் விடாதீர்கள், அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு தூங்கும் குழந்தையைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

இத்தனையும் சேர்த்து வைத்துவிட்டோம், இனி எதுவந்தாலும் வீட்டிலேயே இருப்போம் என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். இரண்டாவது மாடிக்குத் தண்ணீர் வராது, சரி. ஆனால் லிஃப்ட் ஓடாது, கீழே இடுப்பளவு தண்ணீர், குழந்தைக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் 103 என்றால் படகு வரும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் தெருவில் 2015லோ 2023லோ தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்தில் சொன்னால், 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்று நுங்கம்பாக்கம் வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுக்கும் அன்றே, மழை வலுப்பதற்கு முன்பே, மேடான பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். எங்கே போவது என்று இந்த வாரமே பேசி முடிவு செய்து வையுங்கள். மழை அவ்வளவு பெய்யாமல் போனால் போகட்டும், இரண்டு நாள் சித்தி வீட்டில் இருந்துவிட்டு வந்தோம் என்று இருக்கட்டும்.

அதற்காக வாசல் பக்கத்தில் ஒரு முதுகுப்பை தயாராக இருக்க வேண்டும், குழந்தைகளின் ஒரு நாள் தேவை முழுவதும் அதில்: பால் சாமான், பாலாடை, சத்துமாவு, பத்து டயப்பர், இரண்டு செட் துணி, மருந்துப் பை, ஃபிளாஸ்க், பெரியவள் பிரியாத பொம்மை. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆதார், ரேஷன் கார்டு நகல்களை ஜிப் பையில் போட்டு உள்ளே வையுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள். சின்னதைத் தூக்க ஒரு காட்டன் புடவையை மார்போடு குறுக்காகக் கட்டிப் பழகுங்கள், இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் பெரியவளைப் பிடிக்க முடியும், படகிலும் ஏற முடியும். அவள் சட்டையின் உள்பக்கம் உங்கள் போன் நம்பரை அழியாத மார்க்கரில் எழுதுங்கள், அப்பா அம்மா முழுப்பெயரைச் சொல்லவும் கற்றுக்கொடுங்கள். நவம்பர், டிசம்பரில் ரயிலில் ஊருக்குப் போனாலும் இந்தப் பை கூடவே போகட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுபோனது, அதில் கைக்குழந்தைகளோடு வந்தவர்களை நினைத்தாலே எனக்கு இப்போதும் மனசு பதறும்.

ஃப்ரிட்ஜ் கதவில் பேப்பரில் எழுதி ஒட்டிவிடுங்கள்: 108 ஆம்புலன்ஸ், 112 அவசர உதவி, 1913 மாநகராட்சி, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டம், 94987 94987 மின்னகம் (மின்வாரியப் புகார் மையம்), கூடவே உங்கள் குழந்தை டாக்டர் நம்பர். போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் தீர்ந்ததும் நம்பரும் போய்விடும்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் எங்கள் வார்டு நிரம்பும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். சம்ப்பை முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி நிரப்பும்வரை அந்தத் தண்ணீர் குழந்தைகளின் வாய்க்குள் போகக் கூடாது, பல் தேய்க்கவும் கேன் தண்ணீர்தான். தெருவில் தேங்கிய தண்ணீரில் பெரியவளை இறங்கவே விடாதீர்கள், எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ இறங்கி நடக்க வேண்டியிருந்தால் வந்ததும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள், தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று மருத்துவ முகாமில் கேளுங்கள், குழந்தைகளுக்கு மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தை ஆறு எட்டு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது, மலத்தில் ரத்தம் வருகிறது என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி. வெள்ளத்துக்குப் பிந்தைய மூன்று நாலு வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், வெள்ளத் தண்ணீரில் கால் வைத்தார்களா என்பதை டாக்டர் கேட்கும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.